தற்காப்புக் கலைப் பள்ளியை மறுபடி திறக்க எந்த வழி?

தொற்றுநோய் தணிந்து, கூடங்களைத் திறக்கலாம் என்ற அனுமதி வந்ததும் ஒரு தற்காப்புக் கலை ஆசிரியர் முன் நான்கு வழிகள் இருக்கும். எல்லோரையும் பழையபடி வரச்சொல்லலாம். கொஞ்ச நாளைக்குத் திறந்த வெளியில் நடத்தலாம். சின்னக் குழுக்களாகப் பிரித்துக் கூடத்துக்குள்ளேயே நடத்தலாம். ஆன்லைனையும் நேரடி வகுப்பையும் சேர்த்து ஓட்டலாம். கோவிட்டைப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று சொன்னது. உலகளாவிய அவசரநிலை முடிந்தது என்று 2023 மே 5 அன்று அறிவித்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் உலகெங்கும் பள்ளிகள் இந்த நான்கையும் செய்து பார்த்துவிட்டன. அதனால் வெறும் ஊகத்தில் பேச வேண்டியதில்லை. நாளைக்கு வேறொரு நோய் வந்து கூடத்தைப் பூட்ட நேர்ந்தாலும் இதே கேள்விதான் திரும்ப வரும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடத்தைத் திறப்பது ஒரு முடிவு, ஒருவரையொருவர் தொட்டுப் பயில்வது இன்னொரு முடிவு. இரண்டுக்கும் ஒரே தேதி குறிக்கும்போது, சில பள்ளிகள் தொடுபயிற்சிக்குப் பயந்து மாதக்கணக்கில் தேவையின்றி மூடிக்கிடக்கின்றன. வேறு சில பள்ளிகள் திறந்த முதல் வாரமே ஸ்பாரிங் (இருவர் மோதிப் பயில்வது) வைத்து மாணவர்களைக் காயப்படுத்துகின்றன. இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டு பார்த்தால், எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

மூச்சும் சத்தமும்

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுத்து விடுகிறார். கடுமையாக உழைக்கும்போது அது 100 லிட்டர் வரைகூடப் போகும். நம் வகுப்பில் இருபது பேர் ஒரே நேரத்தில் அப்படி மூச்சு வாங்குகிறார்கள். அதோடு அடிக்கு ஒரு கியாய் (அடியோடு எழுப்பும் முழக்கம்) போட்டுக் கத்துகிறார்கள். ஓர் அலுவலகத்துக்கோ பள்ளி வகுப்பறைக்கோ சொன்ன விதியை அப்படியே எடுத்து நம் கூடத்துக்குப் போட முடியாததற்குக் காரணம் இதுதான்.

தென்கொரியாவின் சோனான் நகரில் நடந்ததை ஒவ்வொரு ஆசிரியரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2020 பிப்ரவரி 15 அன்று நடன உடற்பயிற்சி சொல்லித்தரும் ஆசிரியர்கள் 27 பேர் ஒரு பயிலரங்கில் கூடினார்கள். அவர்களில் 8 பேருக்குப் பின்னால் தொற்று உறுதியானது. அவர்கள் அவரவர் கூடங்களுக்குப் போய் வகுப்பெடுத்தார்கள். 12 கூடங்களோடு தொடர்புடைய 112 பேருக்கு நோய் கண்டது. அங்கே ஒரு வகுப்பு 50 நிமிடம். சுமார் 60 சதுர மீட்டர் அறையில் 5 முதல் 22 பேர் வேகமான இசைக்கு ஆடினார்கள். அதே ஆசிரியர்களில் ஒருவர் யோகாவும் பிலாட்டீஸும் சொல்லித்தந்தார். ஒரு வகுப்புக்கு ஏழெட்டுப் பேர்தான். அவருடைய மாணவர் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. இதை வைத்து யோகா பாதுகாப்பானது என்று முடிவுகட்டிவிட முடியாது. ஆனால் மூச்சின் வேகம், ஆட்களின் நெருக்கம், ஊர் ஊராகப் போகும் ஆசிரியர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் என்னவாகும் என்பதை இது காட்டுகிறது.

சத்தத்துக்கு வேறு ஒரு சம்பவம் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10 அன்று ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்திருந்த 61 பேரில், சோதனையில் உறுதியானவர்களையும் அறிகுறிகளை வைத்துக் கணக்கிட்டவர்களையும் சேர்த்து 53 பேர் நோயுற்றார்கள். இருவர் இறந்தார்கள். அவர்கள் யாரும் மல்லுக்கட்டவில்லை, ஓடவில்லை, பாடத்தான் செய்தார்கள். கியாய் நம் கலையின் உயிர் என்பதை நான் மறுக்கவில்லை. மூடிய அறையில் முதல் சில வாரங்கள் அதை மூச்சாக மட்டும் வெளிவிடச் சொன்னால் கலை குறைந்துவிடாது.

நோயைவிட முன்னால் வரும் ஆபத்து

திறப்பு பற்றிய பேச்செல்லாம் கிருமியைச் சுற்றியே நடக்கிறது. என் பார்வையில் பெரும்பாலான பள்ளிகளில் முதல் மாதம் மருத்துவரிடம் ஆள் அனுப்பப்போவது கிருமி அல்ல, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண். மாதக்கணக்கில் வீட்டிலிருந்த உடம்பில் மூச்சுத்திறன் சில வாரங்களிலேயே இறங்கிவிடுகிறது. திரும்பப் பயிலும்போது தசை சீக்கிரம் தேறுகிறது, தசைநாணும் மூட்டிழையும் மெதுவாகத்தான் தேறும். கறுப்பு பெல்ட்காரருக்கு உதையின் நினைவு அப்படியே இருக்கிறது, தாங்கும் குதிகால்தான் பழைய குதிகாலாக இல்லை. அதனால் புதியவர்களைவிடப் பழையவர்களுக்கே ஆபத்து அதிகம்.

இதற்கும் ஒரு கணக்கு உண்டு. 2011இல் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் தகராறு வந்து, நான்கு மாதங்களுக்கு மேல் வீரர்கள் அணியின் கூடங்களுக்குள் நுழைய முடியவில்லை. தகராறு தீர்ந்து முகாம் தொடங்கிய முதல் 12 நாட்களில் 10 பேருக்குக் குதிகாலுக்கு மேலுள்ள அக்கிலீஸ் தசைநாண் அறுந்தது. உலகின் மிகச் சிறந்த உடற்பயிற்சியாளர்களைக் கையில் வைத்திருந்த அணிகளுக்கே இந்த நிலை என்றால், சோபாவிலிருந்து எழுந்து வரும் நம் மாணவர்களை நாம் எப்படி நடத்த வேண்டும்?

நோய் வந்து தேறியவர்களுக்கு இன்னும் நிதானம் வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சு வலி, படபடப்பு, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்த்த பிறகே திரும்ப வர வேண்டும். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் இதயத் தசையில் அழற்சி வருவது அரிதுதான். ஆனால் அது இருக்கும்போது கடுமையாக உழைத்தால் உயிருக்கே ஆபத்து. "மனத்திடம் இருந்தால் தாங்கலாம்" என்று எந்த மாஸ்டரும் இங்கே சொல்லக் கூடாது.

ஒரே நாளில் எல்லோரும்

பழையபடி முழு வகுப்பு என்பதன் கவர்ச்சி புரிகிறது. வாடகை நிலுவையில் இருக்கும், மாணவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், நிறைந்த கூடத்தைப் பார்க்க ஆசையாகவும் இருக்கும். பரவல் உண்மையாகவே அடங்கியிருந்து, கூடத்தில் இரண்டு பக்கமும் ஜன்னல் இருந்து, மாணவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டவர்களாக இருந்தால் இது தவறான முடிவு இல்லை. ஆனால் ஒருவருக்குத் தொற்று வந்தால் முழுப் பள்ளியையும் நிறுத்த வேண்டியிருக்கும். யார் யாரோடு பயின்றார்கள் என்பதற்குக் கணக்கே இருக்காது. திறந்து இரண்டு வாரத்தில் மறுபடி மூடுகிற பள்ளி மேல் பெற்றோர் வைத்திருக்கும் நம்பிக்கை, ஒரு மாதம் தாமதமாகத் திறந்த பள்ளியைவிட அதிகமாகக் குலையும். இந்த வழியை எடுப்பவர்களும் ஸ்பாரிங்கையும் கனமான எறிதல்களையும் முதல் ஆறு வாரங்களாவது தள்ளிவைக்க வேண்டும் என்பேன். அதற்குக் காரணம் மேலே சொன்ன குதிகால்தான்.

திறந்த வெளி

காற்றைப் பொறுத்தவரை இதற்கு ஈடு எதுவும் இல்லை. சிலம்பம் போன்ற ஆயுதக் கலைகளுக்கு வெளி இயல்பாகவே பொருந்தும். கம்பு சுழற்ற வேண்டிய இடைவெளியே பாதுகாப்பு இடைவெளியாகிவிடுகிறது. தனியாகச் செய்யும் அசைவு வரிசைகளான கராத்தேயின் கட்டா, டேக்வாண்டோவின் பூம்சே, காலடி வரிசைகள் எல்லாம் வெளியில் நன்றாக நடக்கும்.

ஜூடோவுக்கும் ஜியு ஜிட்சுவுக்கும் இந்த வழி பாதிதான் உதவும். மேட் இல்லாத தரையில் எறிய முடியாது. மேட்டை வெளியில் விரித்தால் ஈரமும் மண்ணும் ஏறி அது பாழாகும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். காற்று வெளியில் கலைந்துபோகிறது, இரண்டு முகங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சாண் இடைவெளியில் கலைவதில்லை. தரைப்பிடியில் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக் கிடக்கும் இருவருக்கு மேலே வானம் இருந்து பெரிய பயன் இல்லை. வெறுங்காலில் பயிலும் கலை என்றால் தரையைப் பெருக்கிப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். காலணி போட்டால் திரும்பும் உதைகளில் பாதம் தரையில் பிடித்துக்கொண்டு முட்டி முறுக்கும், அதற்கேற்ப நுட்பங்களைக் குறைக்க வேண்டும். மழையும் வெயிலும் நம் கையில் இல்லை. இதனால் வெளிப்பயிற்சியை நிரந்தர ஏற்பாடாக நினைக்காமல், முதல் ஒன்றிரண்டு மாதங்களுக்கான பாலமாக வைத்துக்கொள்வது நல்லது.

சின்னக் குழு, மாறாத துணை

நான்கு வழிகளில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மாணவர்களை எட்டுப் பேர், பத்துப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கிறோம். செவ்வாய்க் குழு செவ்வாய் மட்டும், புதன் குழு புதன் மட்டும். தவறவிட்ட வகுப்புக்கு ஈடாக வேறு குழுவில் வந்து சேர்ந்துகொள்ள அனுமதி கிடையாது. குழுவுக்குள்ளும் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு துணை. ஒரே வீட்டில் வாழும் அண்ணன் தம்பி, கணவன் மனைவி இருந்தால் அவர்களே முதல் ஜோடி. அவர்கள் முதல் நாளிலிருந்தே தொட்டுப் பயிலலாம். யார், எந்த நாள், யாரோடு என்பதை ஒரு நோட்டில் எழுதிவைக்கிறோம். ஒருவருக்கு நோய் வந்தால் அவருடைய குழு மட்டும் நிற்கிறது, மற்ற குழுக்கள் தொடர்கின்றன. ஓர் இடத்தில் பற்றியது மற்ற இடத்துக்குத் தாவாமல் நடுவில் வரப்பு வெட்டி வைப்பது போன்ற ஏற்பாடு இது.

வரப்பைத் தாண்டும் ஒரே ஆள் ஆசிரியர். சோனானில் நடந்ததும் அதுதான். அதனால் எல்லாக் கட்டுப்பாடுகளும் முதலில் அவருக்கே பொருந்த வேண்டும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, தள்ளி நின்று, வாயால் திருத்த வேண்டும். செய்துகாட்ட ஆள் தேவைப்பட்டால் அந்தக் குழுவின் ஜோடி ஒன்றை முன்னால் நிறுத்தலாம். ஒவ்வொருவரின் கையையும் இடுப்பையும் பிடித்துத் திருத்திப் பழகிய நமக்கு இது சிரமம்தான். இந்தக் கட்டாயத்தில் வார்த்தையால் துல்லியமாகத் திருத்தக் கற்றுக்கொள்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

தொடுபயிற்சியை இந்த அமைப்புக்குள் படிப்படியாகக் கூட்டலாம். முதலில் தனிப்பயிற்சி. அடுத்து நடுவில் ஒரு பொருள் வைத்துப் பயில்வது: கிக் பேட், பன்ச்சிங் பேக், கம்பு. ஜூடோவில் ரப்பர் பட்டையைத் தூணில் கட்டி உச்சிகோமி (எறிதலின் நுழைவைத் திரும்பத் திரும்பச் செய்வது) இழுக்கலாம். மூன்றாவதாக, மாறாத துணையோடு சிறிய நேரம், நின்ற நிலையில். அதன்பின் குழுவுக்குள் துணையை மாற்றுவது. கடைசியாகத்தான் தரைப்பிடியும் முழு ஸ்பாரிங்கும் குழுக்களைக் கலப்பதும். ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று வாரம் நின்று பார்க்க வேண்டும். நோய்க்காக வைத்த இந்த நிதானம் தசைநாணுக்குத் தேவையான நிதானத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ஒரே அட்டவணை இரண்டு ஆபத்துக்கும் பயன்படுவதே இந்த வழி எனக்குப் பிடிக்க முக்கியக் காரணம்.

பாரம்பரியம் மிகுந்த கலைகளும் இப்படி வளைந்துகொடுத்திருக்கின்றன. ஜப்பானிய வாள் கலையான கெண்டோவுக்கான அகில ஜப்பான் கூட்டமைப்பு 2020இல் பயிற்சியைத் திரும்பத் தொடங்கியபோது, தலைக்கவசத்துக்குள் முகக்கவசம் அணியச் சொன்னது. வாள்பிடியோடு வாள்பிடி உரச முகத்துக்கு முகம் நெருங்கி நிற்கும் நிலையைத் தவிர்க்கவும், நெருங்கினால் உடனே விலகவும் சொன்னது. சர்வதேச ஜூடோ கூட்டமைப்பு 2020 அக்டோபரில் புடாபெஸ்டில் போட்டிகளை மறுபடி தொடங்கியது, வீரர்களைச் சோதித்து வெளியாட்களிடமிருந்து பிரித்துவைத்த பிறகே. அவ்வளவு சோதனை வசதி ஒரு சாதாரணப் பள்ளிக்கு இல்லை. மாறாத துணை என்ற ஏற்பாடு அந்த இடத்தைத்தான் நிரப்புகிறது.

குறைகளும் உண்டு. வகுப்புகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும், ஆசிரியரின் தொண்டை வறண்டுபோகும், ஒரு மாணவருக்கு வாரத்தில் கிடைக்கும் நேரம் குறையும். ஒரே துணையோடு மாதக்கணக்கில் பயின்றால் அவருடைய பழக்கங்களுக்கு மட்டும் பழகிவிடுவோம். உயரமும் எடையும் பொருந்தாத ஜோடிகள் சலித்துப்போவார்கள். இவை உண்மையான இழப்புகள்தான், ஆனால் பின்னால் ஈடுகட்டக்கூடியவை.

ஆன்லைனும் நேரடியும் சேர்த்து

கூடத்தில் பத்துப் பேர், கேமரா முன்னால் பத்துப் பேர், இருவருக்கும் ஒரே ஆசிரியர் என்ற கலப்பு வகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். திரையைப் பார்த்தால் கூடத்தில் இருப்பவரின் முட்டி தவறான கோணத்தில் இருப்பது கண்ணில் படாது. கூடத்தைப் பார்த்தால் திரையில் இருப்பவர் கைவிடப்பட்டதாக உணர்வார். இரண்டாவது ஆசிரியர் இருந்தால் மட்டுமே இது சரிப்படும்.

அதற்குப் பதில் வாரத்தில் ஒரு தனி ஆன்லைன் வகுப்பு வைக்கலாம். கட்டா நினைவு, உடல் தளர்த்தல், தனிக் காலடிப் பயிற்சி போன்றவை திரையில் நன்றாகவே நடக்கும். வயதானவர்கள், நாட்பட்ட நோய் உள்ளவர்கள், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள் இன்னும் வர முடியாத நிலையில் இருப்பார்கள். அவர்களைப் பள்ளியோடு பிணைத்துவைப்பது இந்த ஒரு மணி நேரம்தான்.

எந்த வழி எடுத்தாலும் காற்றும் மேட்டும்

வெளிக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) இருக்கிறது. நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய 40,000. கூடத்தில் வைத்த மீட்டர் 1,200 காட்டினால், ஒவ்வொரு 50 மூச்சிலும் ஒரு மூச்சுக்கு ஈடான காற்று ஏற்கெனவே யாரோ விட்டது என்று பொருள். 800க்குக் கீழ் வைத்திருக்கப் பாருங்கள். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பி வைத்தாலே அளவு வேகமாக இறங்குவதைக் காணலாம்.

ஜன்னல் போதாத கூடத்துக்கு, நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் உதவும். ஒரு மணி நேரத்தில் அறைக் காற்று முழுவதும் குறைந்தது 5 முறை மாறுவதற்கு ஈடான சுத்தக் காற்று வேண்டும் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2023இல் சொன்னது. 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள கூடம் என்றால் 288 கன மீட்டர். ஐந்து மடங்கு 1,440. மணிக்கு 350 கன மீட்டர் தரும் கருவிகள் நான்கு வைத்தால் ஏறக்குறைய சரியாகிவிடும். ஒன்றை மட்டும் ஓரத்தில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. சுத்திகரிப்பான் கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது என்பதால், அது ஓடும் கூடத்தில் மீட்டர் காட்டும் எண்ணை வேறு கண்ணோடு படிக்க வேண்டும்.

தொட்ட இடமெல்லாம் துடைத்த காலம் ஒன்று இருந்தது. ஒரு பொருளைத் தொடுவதால் கோவிட் வரும் வாய்ப்பு பொதுவாக 10,000இல் ஒன்றுக்கும் குறைவு என்று அதே மையம் 2021 ஏப்ரலில் கூறியது. அதைக் கேட்டு மேட் துடைப்பதையும் கைவிட்ட பள்ளிகள் தவறு செய்கின்றன. படர்தாமரை, மல்லர்களிடையே பரவும் ஹெர்பிஸ், தோல் கொப்புளங்கள் எல்லாம் கோவிட்டுக்கு முன்பும் மேட்டிலும் உடம்பு உரசலிலும்தான் பரவின, இனியும் பரவும். பல மாதம் அடுக்கி வைத்த மேட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துப் பூஞ்சை இருந்தால் அகற்றுங்கள். பயன்படாமல் நின்ற குழாய்களையும் ஷவரையும் திறந்து, தேங்கிய நீரை நன்றாக ஓடவிட்ட பிறகே மாணவர்களுக்குக் கொடுங்கள். தேங்கிய நீரில் வளரும் லெஜியோனெல்லா நுரையீரலைத் தாக்கும் கிருமி.

யாருக்கு எது

கட்டா, அடவு, ஆயுதம் முதன்மையாக உள்ள பள்ளிகள் காத்திருக்கத் தேவையில்லை. வெளியில் உடனே தொடங்கி, ஒரு மாதத்தில் சின்னக் குழுக்களாக உள்ளே வரலாம். பிடியும் தரையும் முதன்மையாக உள்ள பள்ளிகள் நேராகச் சின்னக் குழு, மாறாத துணை என்று தொடங்குவது நல்லது. அவர்களுக்குத் தனிப்பயிற்சிக் கட்டம் நீண்டால் மாணவர்கள் போய்விடுவார்கள், அதனால் துணையை நிலைநிறுத்துவதில்தான் கண்டிப்பு வேண்டும். ஜன்னலே இல்லாத நிலவறைக் கூடம் என்றால், காற்றுக்கு வழி செய்யும் வரை அங்கே யாரையும் சேர்க்காமல் வெளியில் நடத்துங்கள்.

குழந்தைகள் வகுப்புக்குத் தனி யோசனை வேண்டும். ஐந்து வயதுக் குழந்தையிடம் இடைவெளி விடச் சொல்லி வகுப்பு முழுவதும் அதட்டிக்கொண்டிருந்தால் அது கலை வகுப்பாக இருக்காது. தரையில் நாடாவால் கட்டம் ஒட்டி, ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம் கொடுத்து, ஆட்டத்தை அதற்குள் அமைத்தால் அதட்டல் குறையும். பெற்றோர் வாசலில் கூடி நிற்பதுதான் அங்கே பெரிய கலப்பு. வகுப்புகளுக்கு இடையே கால் மணி நேரம் விட்டு, சீருடையை வீட்டிலேயே அணிந்து வரச்சொன்னால் அது பெருமளவு தீர்ந்துவிடும்.

பெல்ட் உயர்வுக்கான தேர்வான கிரேடிங்கை முதல் பருவத்தில் வைக்காதீர்கள். வீட்டில் இடமிருந்தவரும் இல்லாதவரும் ஒரே அளவு பயின்றிருக்க முடியாது. பெல்ட் ஆசை காட்டினால் உடம்பு தயாராகும் முன்பே முழு வேகத்தில் உதைப்பார்கள். புதிதாகச் சேர வருபவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அவர்களுக்கு எப்படியும் முதல் இரண்டு மாதம் தனிப்பயிற்சிதான், அவர்களைத் தனிக் குழுவாக வைத்தால் போதும்.

எந்தத் தேதியில் என்ன தொடங்கும், எது நடந்தால் எந்தக் குழு எத்தனை நாள் நிற்கும், உடல்நலமில்லாமல் வராதவருக்குக் கட்டணம் என்னாகும் என்பதைத் திறப்பதற்கு முன்பே எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். லேசான இருமலோடு வருபவர் பெரும்பாலும் கட்டணம் வீணாகக் கூடாது என்றுதான் வருகிறார். அந்த நாட்களுக்கான கட்டணத்தை அடுத்த மாதத்தில் கழித்துக்கொள்ளலாம் என்ற ஒரு வரி அவரை வீட்டில் இருக்க வைக்கும். இன்னும் வரத் தயங்குபவருக்கும் அதே தாளில் ஒரு வரி இருக்கட்டும்: அவருடைய பெல்ட்டும் வரிசையில் அவருடைய இடமும் அப்படியே இருக்கும், வரும் நாளை அவரே சொல்லலாம்.